சீட்டில் குறிக்காத நெளிசல்

ஜனவரி 9

மூன்று நாள் ரயில் தூரத்தில் இருந்துகொண்டு முப்பது நாளாய் மௌன விரதம் காக்கும் என் மருமகளுக்கு,

சரக்கு யார்டின் வடக்கு வாசல் காவலன், நாற்பதடி கன்டெய்னர் பெட்டிகளின் நாடி பிடித்துப் பார்க்கும் ராஜவைத்தியன், உன் தாய்மாமன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்படி எழுதச் சொன்னது உன் அத்தை. உண்மையில் முழங்கால் வலியில் அவள் போடும் சத்தத்துக்கு எங்கள் யார்டு என்ஜினே வெட்கப்பட்டு ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டது.

ஃபோன் எதற்கு இருக்கிறது என்பாய். ஃபோனில் நான் பத்து நிமிஷம் முழங்கினால் நீ ‘ம்’ என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறாய். கடிதமென்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆக வேண்டும்? அதனால் வழக்கம்போல் உன் யார்டுக்கு ரயிலோடு வரும் பெட்டிச் சீட்டுப் பையில் இதைச் செருகி அனுப்புகிறேன். அந்தப் பையைப் பிரிக்கும் முதல் கை உன் கை என்று எனக்குத் தெரியாதா?

போன வாரம் மட்டும் பூமியை மூன்று தடவை நடந்தே சுற்றினேன். நம்பாவிட்டால் நீயே கணக்குப் போடு. ஒரு லாரி வந்தால் அதன்மேல் உள்ள பெட்டியை ஒரு வலம் வர வேண்டும். எங்கே நெளிசல், எங்கே கீறல் என்று சீட்டிலுள்ள படத்தில் குறிக்க வேண்டும். டிரைவரிடம் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு கிழித்து வாங்கி, நானும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிரேன்காரன் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைப்பான். இப்படி நாளொன்றுக்கு நூறு பெட்டி. நான் ஒரு நெளிசலைக் குறிக்க மறந்தால் அது உன் யார்டில் வந்து உன் தலையில் விடியும். நீ மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கை ஒடிவாய். அந்தப் பயத்திலேயே நடக்கிறேன்.

இதில் கொக்கு என்று ஒரு டிரைவர். உயரம் என்றால் அப்படி ஒரு உயரம். லாரியிலிருந்து அவன் கால் தரையைத் தொட்டு ரெண்டு நிமிஷம் கழித்துத்தான் தலை இறங்கும். செவ்வாய்க்கிழமை வந்தான். என்னோடு கூடவே நடந்து, கண்ணைப் பெட்டியில் ஒட்டி வைத்துத் தேடுகிறான்.

“இங்க பாருங்க சார், இதக் குறிக்கல.”

“யோவ், இது நெளிசலா? கொசு உட்கார்ந்து எழுந்த தடம்!”

“கொசுவோ யானையோ, குறிங்க சார்.”

“சீட்டுல இடம் தீந்துபோச்சுய்யா.”

“பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு?”

என்ன செய்ய, குறித்தேன். பின்னால் பதினோரு லாரிகள் வானம் கிழிய ஹாரன் அடித்தன. கொக்குக்கு ஒரு இறகு அசைய வேண்டுமே!

சாப்பிடு. தூங்கு. நாலு வரி எழுது.

இப்படிக்கு,
ஐந்து லட்சம் பெட்டிகளை வலம் வந்தும் முக்தி கிடைக்காத உன் மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நாலு வரிதானே கேட்டீர்கள்? நாற்பது தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். பூமியை மூன்று தடவை சுற்றியவர் வழியில் இங்கே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். அத்தையின் முழங்காலுக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ரயிலின் காலிப் பெட்டிகளோடு வரும். நீங்கள் எடுத்து உங்கள் முதுகில் தேய்த்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கொக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. பொய்யில்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் நான் எத்தனையோ பெட்டிகளுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். முன்னும் பின்னும் கிறுக்கி நிரப்பிய அந்தச் சீட்டுகளோடு வந்த பெட்டிக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. எங்கள் ஆபீசில் அதற்கு ‘அம்மை போட்ட சீட்டு’ என்று பெயர். அது வந்தால் எல்லோரும் என் மேஜையில் தூக்கிப் போட்டுவிட்டு, “உனக்கு இன்னிக்கு லீவுதான் போ” என்பார்கள். அடுத்த முறை வந்தால் அவருக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. வேலை நிரந்தரம் ஆவதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். தாய் என்ற இடத்தில் காலமானார் என்று எழுதினேன். தந்தை, தற்போதைய முகவரி என்ற இடத்தில் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ‘தெரியாது’ என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த கிளார்க் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தெரியாதுன்னா? இருக்காரா இல்லையான்னே தெரியாதா?” என்றார். ஆமாம் என்றேன். வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் மாமா. ஏன் என்று தெரியவில்லை. ஏழு வயதில் விட்டுவிட்டுப் போனவருக்காக இருபத்தைந்து வயதில் எதற்கு இப்படிப் படியில் உட்கார வேண்டும்?

ஒன்பது வயதில் ஒரு தடவை கேட்டேன். பதினான்கில் கேட்டேன். இப்போது கடைசியாகக் கேட்கிறேன். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 2

மருந்து அனுப்பிய மகராசிக்கு,

அத்தை அதைத் தேய்த்த வேகத்தில் நேற்று மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டினாள். இன்னும் ஒரு குப்பி அனுப்பினால் அடுத்த ஒலிம்பிக்கில் நமக்கு ஒரு பதக்கம் நிச்சயம்.

உன் கேள்விக்கு வருகிறேன். அதற்குள் ஒரு அதிசயம் கேள். போன செவ்வாயன்று கொக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். வழியில் எங்கோ தாழ்வான பாலத்தில் உரசி, கூரை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். மேகம் போனது, ஒரு பருந்து போனது, கொஞ்சம் விட்டால் தேவலோகமே தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட பெட்டிக்கு வெறும் கோடு கிழித்தால் போதாது. நடந்ததை எழுதி, மூன்று இடத்தில் டிரைவர் முழுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. கொக்கு போட்டான். போடுவதற்குள் நாலு தடவை இருமினான். ஒவ்வொரு இருமலுக்கும் பெட்டியிலிருந்து துரு உதிர்ந்தது. உன் டீயை வாங்கிக் கொடுத்தேன். யார் வாங்கித் தரச் சொன்னது என்று சொன்னேன். சூடு ஆறும்வரை குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான், பைத்தியக்காரன்.

உன் கேள்விக்கு வருகிறேன் என்றேன் இல்லையா? அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறாள். அடுத்த கடிதத்தில்.

உன்,
மாமா


பிப்ரவரி 12

மாமா,

கூரை கிழிந்த பெட்டி வந்தது. சீட்டும் வந்தது.

என்னிடம் அப்பாவுடையது என்று ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டை. அதில் மூன்று கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, திரும்பி, பெயர் முழுவதையும் அடிக்கோடிட்டுக்கொண்டு வந்து, முதல் எழுத்தின் காலில் முட்டி நிற்கும். லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதுபோல் இருக்கும். சின்ன வயதில் அதன்மேல் விரலை வைத்து ஓட்டி விளையாடுவேன்.

அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்றும் ஆறு. ஆறும் ஒரே கை.

உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். எத்தனை வருஷமோ, அவரோடு பெட்டியைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, தெரியாது என்றீர்கள்.

நீங்கள் ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன். எழுதுங்கள். இந்தத் தடவை பருந்து வேண்டாம்.


பிப்ரவரி 17

கண்ணு,

பருந்து இல்லை. எதுவும் இல்லை. எழுதுகிறேன்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் அவன் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் இருந்தான். செய்தி போய்ச் சேர்ந்து அவன் வந்தபோது என் தங்கையை அனுப்பிவிட்டு நாங்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தோம். வாசலில் நின்று, “மச்சான், இவள நான் எங்க வச்சுப் பாத்துப்பேன், லாரியிலயா?” என்றான். உன்னை வாங்கிக்கொண்டேன்.

முதலில் மாதாமாதம் வந்தான். அவன் போன பிறகு ஒவ்வொரு தடவையும் உனக்கு மூன்று நாள் காய்ச்சல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட மாட்டாய். நாலாவது தடவை நான் அவனைத் தெருமுனையிலேயே நிறுத்தினேன். “மாப்ள, லாரிய விட்டுட்டு வா. இல்லன்னா வராத. இவ ஒவ்வொரு மாசமும் ஒரு தடவ அனாதையாகுறா.” அவன் கோபப்படவில்லை. “ஒரு வருஷம் டைம் குடு மச்சான்” என்றான். அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. வருஷம் ரெண்டானது, மூன்றானது. பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன், அவன் சொல்வதை நிறுத்தினான்.

ஆனால் யார்டுக்கு வருவான். சரக்கு இருந்தால் எந்த டிரைவரும் என் வாசல் வழியாகத்தானே வர வேண்டும்? பதினெட்டு வருஷம், ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில் பத்துப் பத்து நிமிஷம். பெட்டியைச் சுற்றி நடக்கும்போது “புள்ள?” என்று ஒரு வார்த்தை கேட்பான். நான் சொல்வேன். உனக்குப் பல் விழுந்தது, முளைத்தது, கணக்கில் நூறு வாங்கியது, எல்லாம் அவனுக்குத் தெரியும். நீ கையை உடைத்துக்கொண்டபோது “எந்தக் கை?” என்று கேட்டுவிட்டு, அதே கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மிச்ச தூரம் நடந்தான்.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். அவன் கேபினில் இருந்தான். இறங்கவில்லை. நீ என் சட்டையை இழுத்து, “மாமா, அந்த டிரைவர் ஏன் இறங்க மாட்டேங்கிறார், கால் வலியா?” என்று கேட்டாய். ஆமாம், கால் வலி என்றேன். அன்று நான் பெட்டியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் அது ஒரே தடவை.

உனக்கு அந்த யார்டில் வேலை கிடைத்ததும் அவன் கம்பெனியில் சண்டை போட்டு உன் ரயிலுக்குப் போகும் பெட்டிகளை மட்டும் கேட்டு வாங்கினான். சீட்டில் இல்லாத நெளிசல் உன் தலையில் விழும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகுதான் கொசு உட்கார்ந்த தடத்தைக்கூட விடவில்லை. உனக்கு எழுதும்போது ‘குறிங்க சார்’ என்று மாற்றிவிட்டேன். அவன் சொன்னது, “குறி மச்சான். புள்ள மேல வந்துடும்.”

இத்தனை வருஷமும் வெறும் கோடுதான் கிழித்துக்கொண்டிருந்தான். அன்று நானே ‘முழுக் கையெழுத்துப் போடு மாப்ள’ என்று நீட்டினேன். விதி நினைவிருந்தது. அந்தச் சீட்டு யார் மேஜைக்குப் போகிறது என்பது உறைக்கவில்லை. ஐந்து லட்சம் பெட்டி பார்த்த லட்சணம்.

இப்போது அவன் லாரியில் இல்லை. யார்டுக்குப் பின்தெரு ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறான். நுரையீரல். கட்டில் போதாமல் கால் ரெண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் நாள் சொல்லவில்லை, ஆனால் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார்.

வா கண்ணு. என்னைப் பார்க்க வேண்டாம். அவனைப் பார்க்க வா.

மாமா


பிப்ரவரி 24

மாமா,

படித்தேன். நாலு தடவை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. காய்ச்சல் நினைவில்லை. நீங்கள் காய்ச்சலை நிறுத்திவிட்டீர்கள். ஜன்னலை நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதுவரை லாரிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். அத்தையைக் கேளுங்கள்.

அவர்மேல் இன்னும் கோபம். இறங்கி வர எத்தனை அடி இருந்திருக்கும் அந்தக் கேபினிலிருந்து? நாலு அடியா?

இப்போதே ஓடி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழ எனக்கு மனம் வரவில்லை. இங்கே மாதக் கடைசி, பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. மார்ச் எட்டாம் தேதி வருகிறேன். நான் பதினெட்டு வருஷம் காத்திருந்தேன். அவர் ஒரு பன்னிரண்டு நாள் காத்திருக்கட்டும்.

நான் வருவதை அவரிடம் சொல்லக் கூடாது. நானே வந்து நிற்க வேண்டும். உங்களுக்கு வாய் நிற்காது, தெரியும். இந்த ஒன்றையாவது காப்பாற்றுங்கள்.


மார்ச் 20

கண்ணு,

செய்தி கேட்டு நீ வந்ததும், அவனுக்குச் செய்ய வேண்டியதை ஒரு வார்த்தை பேசாமல் செய்ததும், அத்தை கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு அன்றைக்கே கிளம்பியதும் நியாயம்தான். ஸ்டேஷன்வரை உன் பின்னால் வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானே ஒளிந்திருப்பேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது ரெண்டு இருக்கிறது.

எட்டாம் தேதி வருகிறேன் என்ற உன் கடிதம் கிடைப்பதற்கு முன்பே, நீ கையெழுத்தைக் கண்டுபிடித்ததை அவனிடம் சொல்லியிருந்தேன். ரொம்ப நேரம் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நல்லா இருந்துச்சாமா? அன்னிக்குக் கை நடுங்குச்சு மச்சான்” என்றான். நல்லா இருந்துச்சு, பழைய அட்டையில இருக்கிற மாதிரியே இருந்துச்சாம் என்றேன். “அட்டைய வச்சிருக்காளா?” என்றான். நர்ஸ் வந்து, இவருக்கு என்ன, இன்னிக்கு முகம் தெளிவா இருக்கு என்றாள்.

ரெண்டாவது. நீ வருவதை அவனிடம் நான் சொல்லவில்லை. மார்ச் இரண்டாம் தேதி சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ள?” என்று கேட்டான். என்றும் போல ஒரே வார்த்தை. எட்டாம் தேதி வர்றா மாப்ள என்று நாக்கு நுனிவரை வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தையும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத இந்த வாய், உனக்கு வாக்குக் கொடுத்த வாய், அன்று மூடிக்கொண்டது. “நல்லா இருக்கா” என்றேன். மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதில் உன் மாமனை வெல்ல இந்த உலகத்தில் ஆளில்லை. இதில் மிகை ஒன்றும் இல்லை.

இத்தோடு ஒரு காலிச் சீட்டு வைத்திருக்கிறேன். பெட்டியின் ஆறு பக்கப் படமும் இருக்கிறது. உன்னை வாங்கிய நாளிலிருந்து நான் போட்ட நெளிசல்களைக் குறித்திருக்கிறேன். கதவுப் பக்கம்: தெருமுனையில் அவனை நிறுத்தியது. இடது பக்கம்: ‘தெரியாது’, மூன்று தடவை. மூன்றாவது தடவை அத்தை சாப்பிடக் கூப்பிட்டதாக எழுதினேன், அன்று அவள் கூப்பிடவில்லை. வலது: கால் வலி. முன்பக்கம்: ‘குறிங்க சார்’ என்று மாற்றி எழுதியது. கூரை: மார்ச் இரண்டு, சாயங்காலம். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். வாங்குபவர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. போடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அத்தை ரெண்டு தட்டு வைக்க வேண்டிய இடத்தில் மூன்று வைக்கிறாள், பிறகு எடுக்கிறாள்.

மாமா


ஏப்ரல் 3

மாமாவுக்கு,

சீட்டு வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள்.

அடிப்பக்கம். லாரியில் இருக்கும்வரை அதை யாரும் பார்ப்பதில்லை, கிரேன் தூக்கினால்தான் தெரியும் என்பீர்கள். அங்கே ஒன்று இருக்கிறது. அவர் லாரியை விட்டுவிட்டு வந்திருந்தால் நான் அவரோடு போயிருப்பேன். அந்தப் பயம் உங்களுக்கு இருந்தது. அதனால்தான் வருஷக் கெடு முடிந்த பிறகு நீங்கள் கேட்பதை நிறுத்தினீர்கள். பென்சிலால் குறித்திருக்கிறேன். தவறென்றால் அழித்துக்கொள்ளுங்கள்.

கூரையில் இருப்பதை அடித்துவிட்டேன். ‘பன்னிரண்டு நாள் காத்திருக்கட்டும்’ என்று எழுதியது நான். அது என் சீட்டில் ஏற வேண்டியது. உங்களுடையதில் வராது.

கையெழுத்துப் போடவில்லை. பெட்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் வேலையில் ஒரே தடவை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒரு தடவையும் வேண்டாம். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சுற்றி வந்து பார்க்க வேண்டும். எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாது. நீங்கள் பேசாமல் நிற்க வேண்டும்.

அத்தையிடம் மூன்றாவது தட்டை அன்று எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருமகள்

பி.கு.: இந்த மாதம் ஏழு பெட்டிகளுக்கு விளக்கம் எழுதினேன். புது டிரைவர்கள் எதையும் குறிக்கச் சொல்வதில்லை.